அரக்கு காய்ச்சாத ஆடி

அந்த வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் பட்டறையில் அரக்கு நிறம் காய்ச்சக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். அரக்கு மட்டுமில்லை. வாடாமல்லி, கத்திரிப்பூ, மயில்கழுத்து என்று கண்ணில் அடிக்கிற எந்த நிறமும் கூடாது. சந்தனம், வெளிர் ரோஸ், மோர் நிறம், இவ்வளவுதான். ஆரணியில் பட்டுச் சாயப்பட்டறை வைத்திருக்கிறவர், ஆவணிக் கல்யாணங்களுக்காக ஊரே தறியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அரக்கு போட மாட்டேன் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? தறிக்காரர்கள் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். எந்தப் பெண் சந்தனக் கலரில் முகூர்த்தப் புடவை கட்டுவாள் என்று ஒருவர் கேட்டார். இனிமேல் அதுதான் ஃபேஷன் என்று அப்பா கூசாமல் சொன்னார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு மனிதர். மூக்குக் கண்ணாடி, துணித்தொப்பி, தோளில் ஜோல்னாப்பை. பைக்குள் கேமரா ஃபிலிம் சுருள் வருமே, அந்தக் கறுப்பு டப்பாக்கள் நிறைய வைத்திருந்தார். எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஓடுகிற ஓடையின் கரையோடு நடந்து போய், அங்கங்கே குனிந்து எதையோ எடுத்து அந்த டப்பாக்களில் போட்டு மூடி, மேலே பேனாவால் எழுதிக்கொண்டார். இதைப் பார்த்தவர் பெரியப்பா.

எங்கள் வீட்டில் சந்தேகத்துக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம், சிரிக்காவிட்டால் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அப்பாவாவது ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவார். பெரியப்பா நிழலைப் பார்த்தே ஆரம்பித்துவிடுவார். ஆனால் இந்த விஷயத்தில் அவர்களை முழுவதுமாகக் குற்றம் சொல்ல முடியாது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? எங்கள் மடியில் கனம் இருந்தது. பட்டு நூலை அவித்த சோப்புத் தண்ணீரும் மிச்சச் சாயமும் வேறெங்கே போகும், ஓடைக்குத்தான் போனது. காலையில் பச்சை, மத்தியானம் அரக்கு, சாயங்காலம் ஊதா என்று எங்கள் ஓடை ஓடுவதைப் பார்த்துத்தான் நான் நேரம் சொல்லக் கற்றுக்கொண்டேன். வேறு ஊர்களில் பொல்யூஷன் ஆபீசர்கள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், அடுத்த வாரமே பட்டறைக் கதவில் சீல் வைத்துவிட்டதாகப் பேச்சு அடிபட்ட காலம் அது. சீல் வைத்துவிட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. எனவே ஓடை தெளிவாக ஓட வேண்டும் என்பதற்காக அரக்குக்குத் தடை வந்தது.

அந்த ஓடை எங்கள் தாய்மாமன் ஊர் வழியாகத்தான் வந்தது. பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் ஊர் அது. மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. தாத்தா, பாட்டி இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு ஆள்தான். எங்கள் பட்டறை அடுப்புக்கு விறகு அவர்தான் கொண்டுவந்து போடுவார். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே என்னைக் கூப்பிட்டு, இன்று எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினாய் என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார்.

மாமாவின் நிலத்தை ஒட்டி மலையடிவாரத்தில் ஒரு பழைய சூளை இருந்தது. வெள்ளைக்காரன் சூளை என்று பெயர். மேலே குறுகிக்கொண்டே போகும் செங்கல் கோபுரம், பாதி இடிந்து, இடுக்கெல்லாம் அரசஞ்செடி முளைத்து நிற்கும். சுற்றிலும் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்புக் கற்கள் கொட்டிக் கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் வெயிலுக்கு அதன் நிழலில் உட்காருவார்கள். ஊரில் யார் வீடு கட்டினாலும் அதிலிருந்து நாலு வண்டிச் செங்கல் போகும். அது எதற்காகக் கட்டியது என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் பெரியப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து வேகவேகமாக வந்தார். சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை.

"உம் மச்சான் யாரோட டீ குடிச்சிகினு இருக்கான் தெரியுமா? அந்த டப்பாக்காரனோட!"

அப்பா கையிலிருந்த பட்டு நூல் கற்றையை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டார். அது வெளிர் ரோஸ் தொட்டி. எடுக்க மறந்ததில் நல்ல ரோஸாகவே ஆகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமா எதையும் மறைக்கவே இல்லை. மறுநாளே விறகு வண்டியோடு வந்தவர், முகமெல்லாம் சிரிப்பாக அப்பாவிடம் சொன்னார்:

"மாமா, நம்ம ஊரு சூளையப் பாக்க மெட்ராஸ்லருந்து பெரிய ஆபீசரே ஜீப்புல வந்துகிறாரு. அந்தக் காலத்துல இரும்பு உருக்குன எடமாம். இனிமே ஒரு கல்லத் தொடக் கூடாதாம், வேலி போட்டு போர்டு வெப்பாங்களாம். தங்கமான மனுசன். ஒருநாள் நம்ம பட்டறைக்கு இட்டாறேன்."

அவ்வளவுதான், அப்பாவின் முகம் மோர் நிறத்துக்குப் போய்விட்டது. மாமா சிரித்துக்கொண்டே விறகை இறக்கிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார்.

"இடிஞ்சுபோன சூளையப் பாக்க கவர்மெண்டு ஜீப் அனுப்புமா? ரோட்டுக்குப் பள்ளம் மூட ஆள் இல்ல, செங்கல்லுக்கு வேலி போடப் போறாங்களாம். காதுல பூ சுத்திட்டுப் போறான். பட்டறைக்கே இட்டாறேன்றான் பாரு, இன்னா தைரியம்!"

யோசித்துப் பார்த்தால் பெரியப்பா சொன்னதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆயிரம் வருஷத்துக் கோயில் என்றால் பாதுகாப்பார்கள், கோட்டை என்றால் பாதுகாப்பார்கள். ஆடு ஒதுங்குகிற செங்கல் மேட்டைப் பாதுகாக்க ஓர் ஆபீசர் சம்பளம் வாங்குகிறார் என்பதை எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். மாமா ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய கெட்ட நேரம், உண்மையைச் சொன்னார்.

காரணம் கண்டுபிடிப்பதுதான் பாக்கி. அதுவும் அன்று சாப்பிடுவதற்குள் கிடைத்துவிட்டது. போன வருஷம் மாமா பட்டறையில் தானும் கூட்டுச் சேருவதாகக் கேட்டாராம், அப்பா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மறந்துபோனாராம். அந்த வஞ்சம்தான் என்றார் பெரியப்பா. நெருப்பில்லாமல் புகையுமா என்றார் பெரியம்மா. அம்மா மட்டும் சாதம் போட்டுக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் நேர்ல போயி அவனையே கேட்டுட்டு வரேன். எங்கிட்ட மறைக்க மாட்டான்."

"நீ போயி கேட்டா உஷாராயிடுவான்" என்றார் அப்பா. "கம்முனு இரு."

அம்மா கம்மென்று இருந்தாள். ஆனால் அந்த இரவு முதல் அப்பாவுக்குச் சாதம் போடும்போது பாத்திரம் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது. அடுத்த முறை மாமா விறகோடு வந்தபோது, இப்போதைக்கு வேண்டாம், இருப்பு நிறைய இருக்கிறது என்று அப்பா வாசலிலேயே சொல்லி அனுப்பினார். விறகு அடுக்கும் இடம் காலியாகக் கிடந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. மாமா அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சரி மாமா என்று வண்டியைத் திருப்பினார். அன்று என்னிடம் யாரிடம் அடி வாங்கினாய் என்று கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் என் தம்பிக்குக் காது குத்த வேண்டியிருந்தது. ஆடி வெள்ளியன்று படவேட்டு அம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக அவன் பிறந்தபோதே வேண்டுதல். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அப்படி உட்கார வைக்க வேண்டுமென்றால் அக்காவும் அக்கா புருஷனும் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு மாமன் வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். அழைக்காத மாமனுக்கு மடி கிடையாது, அது எங்கள் பக்கத்து முறை. அம்மா தட்டெல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இன்றைக்கு வேலை, நாளைக்கு வேலை என்று அப்பா தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் அந்த ஊர்ப் பக்கம் போகிற பால்காரரிடம் சொல்லியனுப்பினார்.

"தாய்மாமனுக்குப் பால்காரங்கிட்ட சொல்லி வுடுவாங்களா?" என்று அம்மா கேட்டாள். அப்பா பட்டறைக்குப் போய்விட்டார்.

ஆடி வெள்ளியில் படவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ்கள் ஊருக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிடும். நாங்கள் வேன் வைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டோம். தம்பிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. காது குத்துகிற ஆசாரி அவசரப்பட்டார், அவருக்கு வரிசையில் இன்னும் பல குழந்தைகள். அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் இருங்க, வந்துடுவான், வந்துடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் போகிறது என்றார் பெரியப்பா. ஆபீசரோடு அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்றும் சொன்னார். பெரியம்மாவின் தம்பி வந்திருந்தார். அவரும் ஒரு மாமன்தானே என்று அவரை உட்கார வைத்தார்கள். என் தம்பி புது மடியைக் கண்டு வீறிட்டான், பிறகு காதுக்காகவும் வீறிட்டான்.

அந்த அழுகை அடங்குவதற்குள் மாமா வந்தார். பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும், வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முறையாக அழைக்காத வீட்டு விசேஷத்துக்குக் கையில் சீர்த் தட்டோடு வந்திருந்தார். புதுச்சட்டை, பழம், பூ, சின்னப் பெட்டியில் ஒரு ஜோடி தங்கக் கடுக்கன். வந்தவர், பெரியம்மா தம்பியின் மடியில் குழந்தையையும், அதன் காதில் வேறு கடுக்கனையும் பார்த்துவிட்டு நின்றார். பக்கத்துக் கூட்டத்தில் உடுக்கை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸு கெடைக்கலக்கா. லேட்டாயிடுச்சி, எந் தப்புதான்" என்று மாமாவே சொன்னார். தட்டை அம்மா கையில் கொடுத்தார். தம்பியின் மொட்டைத் தலையை ஒருமுறை தடவினார். அம்மா அவர் கையைப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். காட்டில் வேலை இருப்பதாகச் சொல்லி அவர் கையை விடுவித்துக்கொண்டார். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, வாசனை தூக்கியது. இதை விட்டுவிட்டு ஒருவர் காட்டு வேலைக்குப் போவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திரும்பி வருகிற வழி முழுக்க அம்மா வேன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சில நாள் கழித்துத் தறிக்காரர்களின் தொல்லை தாங்காமல், ஒரே ஒரு அண்டா மட்டும் அரக்கு போட்டுவிடலாம் என்று அப்பா இறங்கிவந்தார். விஷயம் வெளியே தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சினார்கள். மத்தியான நேரம். நானும் அம்மாவும் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்தோம். செப்பு அண்டாவில் அரக்கு தளதளவென்று கொதிக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

அதன் பிறகு நடந்ததை எங்கள் வீட்டில் வெகுநாள் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். வேலையாட்களில் ஒருவர் அண்டாவைக் கவிழ்த்துவிடலாம் என்றார். கவிழ்த்தால் ஓடைக்குத்தானே போகும் என்று அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா ஈரச் சாக்கை எடுத்து அண்டாவின் மேல் போட்டு மூடி, அதற்கு முன்னால் கைகட்டி நின்றார். சாக்கு முழுக்க அரக்கு ஊறி, அவர் வேட்டியின் பின்பக்கமும் அரக்காகிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு துணித்தொப்பிக்காரர் உள்ளே வந்தார்.

வந்தவர் அண்டாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவையும் பார்க்கவில்லை. நேராக அடுப்புக்கு முன்னால் போய் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். கரி படிந்த ஒரு செங்கல்லைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். உள்ளே அழுந்தியிருந்த இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. சாமி கும்பிடுகிறவர் மாதிரி அதை விரலால் தடவிப் பார்த்தார். அனல் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இந்தச் செங்கல்லு எங்கருந்து வந்ததுன்னு தெரியுங்களா சார்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

கவர்மெண்ட் ஆள் ஒருவர் அப்பாவைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார். மலை மண்ணை வெட்டி, மரக்கரி போட்டு உருக்கி, வெள்ளைக்காரர்கள் இரும்பு எடுத்த உலை அது. அத்தனை சூட்டைத் தாங்குவதற்காகக் கப்பலில் கொண்டுவந்த செங்கல். உலைக்குக் காற்று ஊதும் துருத்தியை ஓட்ட ஓடைத் தண்ணீரைத் திருப்பியிருக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம், அதற்காகத்தான் கரையோடு நடந்து கறுப்புக் கல்லும் மண்ணும் பொறுக்கியிருக்கிறார். எங்கள் அப்பாவின் அப்பா பட்டறை கட்டியபோது அங்கிருந்துதான் செங்கல் ஏற்றி வந்தாராம். எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லாதது மாமாவுக்குத் தெரிந்திருந்தது.

"உங்க மச்சான்தான் அப்பவே சொன்னாரு" என்றார் ஆபீசர். "எங்க மாமா பட்டறை அடுப்பே இந்தக் கல்லுதான், அவசியம் பாருங்க, மத்தியானமா போங்க, எங்கக்கா சாப்பிட வெக்காம அனுப்பாதுன்னு. இன்னிக்குக் கூட வாங்கன்னு கூப்பிட்டேன். நான் வந்தா சரிப்படாது, நீங்க போங்க சார்னுட்டாரு."

அம்மா தூக்கைத் திறந்து, அப்பாவுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை இலையில் போட்டு அந்த மனிதருக்கு வைத்தாள். அவர் ரசித்துச் சாப்பிட்டார். அடுப்பை இடித்துவிடாதீர்கள், எரிகிறபடியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, நாலைந்து போட்டோ பிடித்துக்கொண்டு கிளம்பினார். ஜீப் போன பிறகு அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"இப்ப போயி கேளுங்க, உஷாராயிடுவானான்னு."

மறுநாள் அப்பா பழத்தட்டோடு எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு மாமா ஊருக்குப் போனார். மாமா கோபப்படவே இல்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்தார். அப்பா எதையோ சொல்ல ஆரம்பித்தபோது, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா, வுடுங்க" என்று அவர் இலையில் கறியை அள்ளி வைத்தார். சாப்பிட்டு முடித்துச் சூளையைப் பார்க்கப் போனோம். கம்பிவேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நீலப் பலகை வந்து தரையில் கிடந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்துகிறவர்களுக்குத் தண்டனை உண்டு என்று நான் உரக்கப் படித்தேன். பெரியப்பா தன் அப்பா காலத்தில் எடுத்த செங்கல்லுக்கும் இது பொருந்துமா என்று அங்கேயே கவலைப்பட ஆரம்பித்தார். வீடு திரும்பியதும் எழுத்து தெரிந்த செங்கல் எல்லாவற்றுக்கும் மண் பூசி மறைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பட்டறையில் மறுபடியும் அரக்கு கொதித்தது.

விறகு மட்டும் அதற்குப் பிறகு வேறு ஆளிடமிருந்து வந்தது. மாமா நிலத்தில் மரமெல்லாம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

தீபாவளிக்கு மாமா வந்தார். கையில் பெரிய பையில் ஆப்பிள், கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்கு முன்பு அவர் எங்கள் வீட்டுக்கு எதையும் வாங்கிவந்ததாக ஞாபகமில்லை. வெறுங்கையோடு வருவார், நேரே சமையல்கட்டுக்குப் போய்க் குண்டானைத் திறந்து பார்ப்பார், உப்பு இல்லை என்று அம்மாவிடம் சண்டை போடுவார், பாயைக்கூட உதறாமல் படுத்துத் தூங்கி மறுநாள்தான் போவார். இந்த முறை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தார். அம்மா வடை கொண்டுவந்தபோது, இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன் என்று பாதி டீயை மட்டும் குடித்தார். தம்பி கன்னத்தைக் கிள்ளினார். அடுத்த பஸ்ஸுக்கு எழுந்துகொண்டு, எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கூட்டாளிகளில் யாருடைய மாமாவும் ஆப்பிள் வாங்கிவருவதில்லை. சமையல்கட்டுக்கு ஓடினேன். அம்மா தரையில் உட்கார்ந்து ஆப்பிளை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா முன்ன மாரி இல்லம்மா, ரொம்ப டீசண்டாயிட்டாரு" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. பிறகு அறுத்த துண்டுகளையெல்லாம் தட்டோடு என் பக்கம் தள்ளிவிட்டு, தம்பிக்கும் கொடு என்று சொல்லி, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை. அவளுக்கு ஆப்பிள் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்து, அவள் பங்கையும் நானே தின்றேன்.